வலிநிவாரண ஊசிக்குப் பிறகான இருபது நிமிடங்கள்: நீலகிரி மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும், உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் வட்டங்களில் உள்ள அரசு, தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

சிரை வழியாக வலிநிவாரண மருந்து செலுத்தும் செவிலியருக்கு, ஊசியை எடுத்த பிறகும் அந்த நோயாளியின் அருகில் இருபது நிமிடம் இருப்பதற்கான நேரத்தை, அவருடைய பணியின் பகுதியாகவே எழுத்தில் ஒதுக்கித் தரவேண்டும் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். இதனோடு சேர்ந்த வேறு சில கோரிக்கைகளும் உண்டு. அவை யாவும் இந்த ஒன்றைச் சுற்றியே நிற்கின்றன. நான் இந்த மலையிலேயே செவிலியராகப் பணியில் சேர்ந்து, வார்டு பொறுப்புச் செவிலியராகவும் பின்னர் செவிலியர் கண்காணிப்பாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவள். மருந்தின் பெயரையும் அளவையும் பற்றி நம் கூட்டங்களில் நிறையவே பேசியிருக்கிறோம். அதைச் செலுத்திய பிறகு நோயாளியை யார் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற கேள்வியோ, பெரும்பாலும் ஏதேனும் நடந்துவிட்ட பிறகே கேட்கப்படுகிறது.

நம் வார்டுகளுக்கு எத்தகைய வலியோடு மக்கள் வருகிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஈரமான தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெண் தொழிலாளி, கல்லட்டிப் பாதையில் கவிழ்ந்த வேனிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டவர், காட்டெருமை முட்டி விலா எலும்புகள் நொறுங்கியவர், புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்ட முதியவர், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயின் வலி நெருக்கடியோடு பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஜீப்பில் ஏற்றிவரப்படும் பள்ளிப் பிள்ளை: இவர்களுக்கு மாத்திரை போதாது. தசையில் போடும் ஊசியையும் நம்ப முடியாது. குளிரில் நடுங்கிக்கொண்டும் ரத்த அழுத்தம் இறங்கியும் வருபவருடைய உடலில் அது எப்போது, எவ்வளவு உறிஞ்சப்படும் என்று சொல்ல இயலாது என்பதோடு, உடம்பு சூடேறி ரத்த ஓட்டம் திரும்பும்போது தேங்கிய மருந்து மொத்தமாக உள்ளே போய்விடவும் கூடும். ஆகவே சிரை வழியே சரியான வழி.

ஆனால் அந்த வழி இரண்டு விதமாகத் தவறிப்போவதைப் பார்த்துவந்திருக்கிறேன். ஓரிடத்தில், மார்ஃபின் எழுதப்பட்டிருந்தும், ‘ராத்திரி நேரம், மூச்சு நின்னு போச்சுன்னா யார் பதில் சொல்றது’ என்ற அச்சத்தில் விடியும்வரை அது தள்ளிப்போடப்படுகிறது. நோயாளி கம்பளியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். இன்னோரிடத்தில், வார்டு முழுவதற்கும் ஒருவராக நிற்கும் செவிலியர், ஆம்புலில் (மருந்துக் கண்ணாடிக் குப்பியில்) இருந்ததை ஒரே அழுத்தில் செலுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்கு விரைய வேண்டியிருக்கிறது. முன்னதை இரக்கமின்மை என்றும் பின்னதை அலட்சியம் என்றும் சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. மருந்து உள்ளே போன பிறகு நோயாளியோடு இருக்க ஆள் இல்லை என்ற ஒரே குறைதான் ஒருவரை அஞ்ச வைக்கிறது, மற்றவரை ஓட வைக்கிறது.

மருந்தின் போக்கைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் என் கோரிக்கைக்கான காரணம் அதில்தான் இருக்கிறது. சிரையில் செலுத்தப்பட்ட மார்ஃபின் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் வேலைசெய்யத் தொடங்குகிறது. அதன் முழு வேகம் தெரிய பதினைந்து முதல் இருபது நிமிடம் ஆகிறது. அதன் பிறகு மூன்று, நான்கு மணி நேரம் உடலில் நிற்கிறது. ஃபென்டனில் என்ற இன்னொரு வலிமருந்து இதைவிட விரைவானது. சுமார் ஐந்து நிமிடத்திலேயே உச்சத்தை அடையும், அரைமணி முதல் ஒரு மணி நேரத்தில் அடங்கும், அளவோ மில்லிகிராமில் அன்றி மைக்ரோகிராமில் கணக்கிடப்படும், வேகமாகச் செலுத்தினால் நெஞ்சுக்கூட்டின் தசைகளே விறைத்து மூச்சுவிட முடியாமல் செய்துவிடும். இந்தக் கணக்கின்படி பார்த்தால், மார்ஃபின் செலுத்தி முடித்த கையோடு எடுக்கப்படும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் நமக்கு எதையும் சொல்வதில்லை. ஆபத்து வரவேண்டியிருந்தால், அது செவிலியர் நான்கு கட்டில் தள்ளிப் போய் வேறொருவருக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் வரும்.

அப்போது பார்க்கவேண்டியவை அதிகமில்லை. முதலாவது விழிப்பு நிலை. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளில் மூச்சு குறைவதற்கு முன்னால் பெரும்பாலும் மயக்கம் கூடுகிறது. அமெரிக்கச் செவிலியரான கிறிஸ் பாசெரோ வகுத்த அளவை இதற்கு மிக எளிய கருவி. விழித்துத் தெளிவாக இருப்பவர் 1, சற்றே தூக்கக் கலக்கத்தோடு இருந்தாலும் கூப்பிட்டால் உடனே விழிப்பவர் 2, பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிப் போகிறவர் 3, அசைத்தும் எழாதவர் 4. மூன்று என்று எழுத நேர்ந்தால் அடுத்த வேளை மருந்து நிறுத்தப்பட வேண்டும், மருத்துவர் வரவேண்டும். இரண்டாவது மூச்சு எண்ணிக்கை. அதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது, மெதுவாகவும் ஒழுங்கின்றியும் ஓடும் மூச்சை அது காட்டிக்கொடுக்காது. தூங்குபவரை எழுப்புவதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும், எழுப்பினால் மூச்சு கூடிவிடும். எண்ணிக்கை பத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை, எட்டைத் தொட்டால் அவசரம். மூன்றாவதாகக் குறட்டை. துணைக்கு இருப்பவர்கள் மகிழ்ச்சியோடு, ‘வலி குறைஞ்சு நல்லா தூங்குறார் சிஸ்டர், எழுப்பாதீங்க’ என்பார்கள். மார்ஃபின் செலுத்திய பிறகு புதிதாகக் கேட்கும் குறட்டை, நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடத் தொடங்கியதன் ஒலியாக இருக்கக்கூடும். அதைக் கேட்டதும் செவிலியர் ஓடிவர வேண்டும், உறவினருக்கும் அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இந்த மூன்றும் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் மலைக்கென்று தனியாக ஒன்று உண்டு. சமவெளியில் எழுதப்பட்ட நெறிமுறைகளை அப்படியே சுவரில் ஒட்டும்போது அது விடுபட்டுப் போகிறது. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உதகையின் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே. ஆகவே நலமாக இருப்பவருடைய ஆக்சிஜன் அளவே இங்கே சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகத்தான் தொடங்குகிறது. ரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவு ஓர் எல்லைவரை பெரிதாக இறங்காமல் தாங்கி நின்று, அந்த எல்லையைத் தாண்டியதும் செங்குத்தாகச் சரியும் இயல்புடையது; உயரத்தில் வாழ்பவர் அந்த விளிம்புக்கு ஏற்கெனவே நெருங்கி நிற்கிறார். கோவையில் ஒருவருக்கு மூச்சு மந்தமானால் கிடைக்கும் அவகாசம், உதகையில் அதே அளவு மருந்து பெற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். மே மாதச் சீசனில் காலையில் சென்னையிலிருந்து வந்திறங்கி மாலையில் கால் முறிந்து வார்டுக்கு வரும் சுற்றுலாப் பயணியின் உடலோ இந்த உயரத்துக்குச் சற்றும் பழகியிருக்காது. விறகடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்து நுரையீரல் கெட்டுப்போன பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதே என்று சொல்லலாம். அது இருக்கத்தான் வேண்டும், ஒவ்வொரு வார்டிலும். ஆனால் சனவரி உறைபனி இரவில் சில்லிட்டுப் போன விரலில் அது சரியாகக் காட்டாது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, கம்பளிக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதும் அறியப்பட்ட செய்தி. இவை எல்லாவற்றையும்விட, ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருப்பவர் நிமிடத்துக்கு ஆறு மூச்சே விட்டுக்கொண்டிருந்தாலும் கருவி 98 என்று காட்டிக்கொண்டிருக்கக்கூடும். உள்ளே கரியமில வாயு சேர்ந்துகொண்டே போவது அதற்குத் தெரியாது. எனவே கருவியை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவதை நாம் கண்காணிப்பு என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

அரிவாள் செல் நோயாளிகளைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுத விரும்புகிறேன். 1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் இக்குறைபாடு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டது, நீலகிரியின் பழங்குடி மக்களைச் சோதித்துப் பார்த்துத்தான். 2023 சூலையில் தொடங்கப்பட்ட தேசிய இயக்கம், 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதைக் குறிக்கோளாக வைத்திருக்கிறது. பரிசோதனைகள் நடக்கின்றன, அட்டைகள் வழங்கப்படுகின்றன, நல்லது. ஆனால் வலி நெருக்கடி வந்த இரவில் அந்த நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் அவர் நம்மை அளப்பார். குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் தூண்டிவிடக்கூடிய வலி இது. வெளியே காயம் இல்லை, வீக்கம் இல்லை, அந்த நேரத்து வலியின் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் இல்லை. அதனால் நம்ப மறுக்கிறோம். முன்பு தனக்குப் பலனளித்த மருந்தின் பெயரை அந்த இளைஞனே சொல்லிவிட்டால், ‘பழக்கப்பட்டுப் போனவன்’ என்று முடிவுகட்டி விடுகிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தரும் வழக்கம். பிரிட்டனின் நெறிமுறை, இத்தகைய நோயாளி வந்து சேர்ந்த 30 நிமிடங்களுக்குள் முதல் வலிமருந்து போயிருக்க வேண்டும் என்றும், வலி அடங்கும்வரை அரைமணிக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்க நெறிமுறை ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது. நம் வார்டுகளில் இதற்கென எழுதப்பட்ட நேரக்கெடு எதையும் நான் பார்த்ததில்லை.

இந்நோயில் மருந்தைக் குறைப்பதும் கூட்டுவதும் ஒரே ஆபத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை இளம் மருத்துவர்கள் கவனிக்க வேண்டும். நெஞ்சுக்கூட்டு வலி தீராதவர் ஆழ மூச்சிழுக்க அஞ்சி மேலோட்டமாகவே மூச்சுவிடுவார். மருந்து மிகுந்தவரும் மேலோட்டமாகவே மூச்சுவிடுவார். இருவருக்கும் நுரையீரலின் அடிப்பகுதி காற்றோட்டம் இழக்கிறது, அங்கே ஆக்சிஜன் குறைகிறது, செல்கள் அரிவாளாக வளைந்து குழாய்களை அடைக்கின்றன, உயிருக்கே ஆபத்தான கடுமையான நெஞ்சகப் பாதிப்பு தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நோயாளியை நிறுத்திவைப்பது, சிறு சிறு அளவாக மருந்தைக் கொடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் பிறகு பக்கத்தில் இருந்து பார்த்து, அடுத்ததை முடிவுசெய்யும் செவிலியரால் மட்டுமே ஆகிற காரியம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களும் இவர்களிடையே உண்டு. அவர்களுக்கு மார்ஃபினின் சிதைவுப் பொருள்கள் வெளியேறாமல் தேங்கி, இரண்டாம் நாளில் மயக்கம் ஆழமாகக்கூடும். டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து அந்தச் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

வலியை அளப்பதிலும் நமக்குப் பயிற்சி வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று பணியர் பழங்குடி மூதாட்டி ஒருவரிடம் கேட்டால், அவர் தலையைக் குனிந்துகொண்டு ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார். அவரை இருமச் சொல்லியும், பக்கவாட்டில் திரும்பச் சொல்லியும், ஆழ மூச்சிழுக்கச் சொல்லியும் முகத்தைப் பார்க்க வேண்டும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாகப் பணியாற்றுகிறார்கள். தன் மொழி அறிந்தவரிடம் நோயாளி வலியை மறைப்பதில்லை. 2025-இல் 700 படுக்கைகளோடு உதகையில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட மற்ற இடங்களிலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் அப்படி ஒருவர் இருக்க வழிசெய்வது பெருந்தொண்டாக இருக்கும்.

இனி, ஊசிக்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி. கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயர் முழுமையாக இருக்க வேண்டும். அளவு மில்லிகிராமில், ஃபென்டனில் என்றால் மைக்ரோகிராமில், இருக்க வேண்டும். எதில், எவ்வளவு கலப்பது, எத்தனை நிமிடத்தில் செலுத்துவது, எவ்வளவு இடைவெளி, மொத்தம் எவ்வளவைத் தாண்டக் கூடாது, எந்த நிலையில் நிறுத்த வேண்டும் என்பவை இருக்க வேண்டும். ‘வலித்தால் ஒரு ஆம்புல்’ என்பது உத்தரவே அன்று. மார்ஃபின் ஆம்புல் 10 மில்லிகிராமாகவும் வருகிறது, 15 மில்லிகிராமாகவும் வருகிறது. 10 மில்லிகிராம் ஆம்புலை நார்மல் சலைனோடு சேர்த்துப் பத்து மில்லியாக்கினால் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்று கணக்கு நேராகிறது. மருத்துவர் எழுதியபடி ஒன்றிரண்டு மில்லிகிராமாக, சில நிமிட இடைவெளி விட்டு, ஏற்றிக்கொண்டே போக முடிகிறது. அந்தக் கணக்கை இரண்டாவது செவிலியர் ஒருவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல் தனியாகப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். ‘சரிதானே’ என்று கேட்டுத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. சிரிஞ்சில் மருந்தை ஏற்றிய உடனே பெயர், அளவு, நேரம் எழுதி ஒட்ட வேண்டும், ஏற்றியவரே செலுத்த வேண்டும், பெயரெழுதாத சிரிஞ்ச் எதுவானாலும் குப்பைக்குத்தான் போகவேண்டும். ஒரே வார்டில் இரண்டு மாரிகள் படுத்திருப்பது நம் ஊரில் இயல்பு. பெயரோடு ஊரையோ மருத்துவமனை எண்ணையோ கையில் கட்டிய பட்டையில் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஊசியைத் திறக்கக் கூடாது.

சிரையில் மருந்து செலுத்தப் பொருத்தும் வென்ஃப்ளான் குழாய் போட்ட இடம் வீங்கியோ சிவந்தோ இருந்தால் அந்த வழியே எதையும் செலுத்தலாகாது. மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். பின்னால் விடும் சலைனை மட்டும் பலர் வேகமாக அழுத்திவிடுகிறார்கள். குழாயில் மிச்சமிருக்கும் மருந்தை அது ஒரே தள்ளில் உள்ளே அனுப்பிவிடும் என்பதால், மருந்தை எந்த நிதானத்தில் செலுத்தினோமோ அதே நிதானத்தில் அதையும் செலுத்த வேண்டும். நான்கு நிமிடம் பொறுமையாக ஊசி போட்டு, ஐந்தாவது நிமிடத்தில் அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

மார்ஃபின் அல்லாத மருந்துகள் பாதுகாப்பானவை என்ற எண்ணத்தால் நேரும் தவறுகளும் உண்டு. பாராசிட்டமால் பாட்டிலில் 100 மில்லிக்குள் ஒரு கிராம் இருக்கிறது. அதைப் பதினைந்து நிமிடத்தில் விட வேண்டும். ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கே அந்த முழு பாட்டில். நம் தோட்டங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் முப்பத்தெட்டு, நாற்பது கிலோ எடையுள்ள பெண்கள் நிறைய. அவர்களுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட வேண்டும், அதாவது முப்பத்தெட்டு கிலோ உள்ளவருக்கு 570 மில்லிகிராம், 57 மில்லி. குழந்தைகளுக்கு மில்லிகிராமையும் மில்லியையும் குழப்பிக்கொண்டால் பத்து மடங்கு மருந்து போய்விடும். எனவே இரண்டு அலகிலும் எழுதச் சொல்லுங்கள். எடை பார்க்காமல் எழுதப்பட்ட உத்தரவைத் திருப்பிக் கேட்கும் உரிமை செவிலியருக்கு இருக்க வேண்டும். டிரமடால் என்ற வலிமருந்தை இரண்டு, மூன்று நிமிடமாவது எடுத்துக்கொண்டு செலுத்த வேண்டும், வலிப்பு நோய் உள்ளவருக்கும் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவருக்கும் அதைப் பற்றி மருத்துவரிடம் மறுபடி கேட்க வேண்டும். வலிமருந்தான ஃபோர்ட்வினும் தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தான ஃபெனர்கனும் சேர்த்துப் போடும் பழைய பழக்கம் இன்னும் சில வார்டுகளில் இருக்கிறது. ஃபெனர்கன் சிரைக்கு வெளியே கசிந்தால் திசுவை அழுகச் செய்யும், விரலையே இழக்க நேரலாம். அது சேர்க்கும் தூக்கம், வலிமருந்து தரும் தூக்கத்தோடு கூடிக்கொள்ளும். ஃபோர்ட்வினோ, ஏற்கெனவே மார்ஃபின் எடுத்துவரும் புற்றுநோயாளிக்குப் போட்டால் வலியைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். இந்தச் சேர்க்கையைக் கைவிடும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், செலவே இல்லை.

மார்ஃபினின் வேலையை முறிக்கும் நலாக்சோன் மருந்து எங்கே இருக்கிறது என்று உங்கள் மருத்துவமனையில் இன்று இரவே கேட்டுப் பாருங்கள். மருந்தகத்தில், அலமாரியில், சாவி வேறொருவரிடம் என்ற விடை வந்தால், அது இல்லாததற்குச் சமம். மார்ஃபின் செலுத்தப்படும் ஒவ்வொரு வார்டிலும் அது அவசரத் தட்டில், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும் ஆக்சிஜனும் சக்‌ஷனும் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். நோயாளி எழாவிட்டால் முதலில் தோளைத் தட்டிக் கூப்பிட்டு, தாடையைத் தூக்கி, ஆக்சிஜன் கொடுத்து, தேவைப்பட்டால் பையால் மூச்சு கொடுக்க வேண்டும். நலாக்சோன் அதன் கூடவே வருவது. 0.4 மில்லிகிராம் ஆம்புலைப் பத்து மில்லியாக்கி, ஒன்றிரண்டு மில்லியாக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, மூச்சு சீராகும்வரை மட்டும் கொடுப்பது நல்ல முறை. முழுவதையும் ஒரேயடியாகச் செலுத்தினால் அடங்கியிருந்த வலி அத்தனையும் ஒரே நொடியில் திரும்பும். அரிவாள் செல் நோயாளிக்கு அதைவிடக் கொடுமை இல்லை. அதன் வேலை அரைமணி, ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மார்ஃபினோ உடலில் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே விழித்துப் பேசிவிட்டார் என்று விட்டுவிடாமல், குறைந்தது இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும். மருத்துவர் வந்து சேரும்வரை காத்திராமல் செவிலியர் இதைத் தொடங்கலாம் என்று கையெழுத்திட்ட நிலையாணை ஒன்றை ஒவ்வொரு வார்டுக்கும் வழங்குமாறு வேண்டுகிறேன்.

கோவைக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுபவர்களைப் பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன். வண்டியில் ஏற்றும்போது வலிக்குமே என்ற நல்லெண்ணத்தில், கிளம்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் மார்ஃபின் போட்டு அனுப்புகிறோம். அதன் முழு வேகம் பர்லியாறு வளைவுகளில், குலுங்கும் வண்டிக்குள், அரை இருட்டில் வரும். எலும்பை நேராக்கி அணைகட்டிய பிறகு இன்னும் கவனம் தேவை. அதுவரை அவரை விழித்திருக்கச் செய்ததும் மூச்சைத் தூண்டியதும் அந்த வலிதான், அது அடங்கியதும் முன்பு தாங்கிய அதே அளவு மருந்து மிகையாகிவிடும். கடைசி ஊசிக்குப் பிறகு இருபது நிமிடம் கழியாமல் வண்டி கிளம்பக் கூடாது. உயிர்காக்கும் அவசரம் என்றால் செவிலியர் ஒருவர் நலாக்சோனோடு உடன் செல்ல வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, கடைசியாகப் பார்த்த மூச்சு எண்ணிக்கை, விழிப்பு நிலை ஆகியவை எழுதிய சீட்டு நோயாளியின் மார்பில் குத்தப்பட்டிருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் செவிலியரைத் தயங்க வைக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014-இல் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் இன்றியமையாத மருந்துகளாக வகைப்படுத்தப்பட்டன. முன்பு பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்த இடத்தில் இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில், மருத்துவரின் எழுத்துமூல உத்தரவின்படி கொடுத்து, பதிவேட்டில் எழுதி, மிச்சத்தை இன்னொருவர் கண்முன் அழித்துக் கையெழுத்து வாங்கும் செவிலியர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. இதை உங்கள் வாயால் அவர்களிடம் சொல்லுங்கள். இரட்டைப் பூட்டின் சாவி இரவில் பணியிலிருக்கும் பொறுப்புச் செவிலியரிடம் இருக்கட்டும். சாவிக்காக ஆள் அனுப்பிக் காத்திருக்கும் நேரமெல்லாம் நோயாளி வலியில் கழிக்கும் நேரம்.

இவை அனைத்தும் ஆளைப் பொறுத்தவை என்பதை அறிவேன். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் விதி. நம் இரவு வார்டுகள் அதற்கு வெகு தொலைவில் இருக்கின்றன; பணியிடங்களை நிரப்பும்படி நீங்களும் மேலிடத்துக்கு எழுதியிருப்பீர்கள். அது நிறைவேறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிரைவழி ஓபியாய்டு பெறுபவர்களின் கட்டில்களை வார்டில் சிதறவிடாமல், செவிலியர் மேசைக்கு எதிரில் ஒன்றாகப் போடலாம். ஊசி போட்டவர் அங்கே அமர்ந்திருக்கும் இருபது நிமிடத்தில் அவருக்குத் தொலைபேசியும் வேண்டாம், மருந்தும் பொருளும் கேட்டு இண்டென்ட் எழுதும் வேலையும் வேண்டாம், துணி எண்ணும் வேலையும் வேண்டாம். அந்நேரத்தில் மற்ற கட்டில்களை இன்னார் பார்ப்பார் என்று டியூட்டி பட்டியலிலேயே பெயர் போட்டு எழுதப்படட்டும். ஐந்தாம், பத்தாம், பதினைந்தாம், இருபதாம் நிமிடங்களிலும், பிறகு அரைமணியிலும், அதன்பின் நான்கு மணி நேரம் மணிக்கு ஒருமுறையும் விழிப்பு நிலை, மூச்சு எண்ணிக்கை, வலி அளவு ஆகிய மூன்றையும் குறிக்க ஒரே பக்கத் தாள் போதும். அந்தத் தாளில் வெற்றிடம் இருந்தால் செவிலியரைக் கேட்பதற்கு முன்பாக, அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று டியூட்டி பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

அடுத்த மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொள்வீர்களானால், கண்காணிப்பாளர்களோடு இரவுப் பணியில் உள்ள செவிலியர் சிலரையும் அழைத்து உட்கார வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்த நேரத்தில் எந்த வேலை குறுக்கே வருகிறது என்பதை அவர்களைப்போல் யாரும் சொல்ல முடியாது. தாளின் மாதிரி ஒன்றை என்னைப்போல் ஓய்வுபெற்ற செவிலியர் சிலர் சேர்ந்து தமிழில் தயாரித்து வைத்திருக்கிறோம். மயக்க மருந்தியல் துறை மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துத் திருத்தித் தந்தால், பந்தலூர் முதல் கோத்தகிரி வரை எந்த மருத்துவமனைக்கும் வந்து பயிற்சி அளிக்க ஆயத்தமாக இருக்கிறோம். இரவு ஷிஃப்டில் உள்ளவர்களுக்கு இரவிலேயே வந்து சொல்லித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர்,
கோத்தகிரி